மலைப்பயணத்தில் கையடக்க நீர் வடிகட்டி: தேர்வும் பராமரிப்பும்

கடந்த கோடையில் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு தந்தையும் மகனும் வந்தனர். தந்தை சில ஆண்டுகளுக்கு முன்னர் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். நெடுநாள் வேண்டுதலை நிறைவேற்ற இருவரும் வெள்ளியங்கிரி மலைக்குச் சென்று திரும்பியிருந்தனர். மகனுக்கு ஏற்பட்ட வயிற்றுப்போக்கு இரண்டு நாள்களில் தானாகவே நின்றுவிட்டது. தந்தைக்கோ எட்டாம் நாளாகியும் நிற்கவில்லை. "சுனைத் தண்ணீரை அப்படியே குடிக்கவில்லை டாக்டர், வடிகட்டிதான் குடித்தோம்" என்று மகன் பலமுறை கூறினார்.

அந்த வடிகட்டியைக் கொண்டுவரச் சொன்னோம். மறுநாள் கொண்டுவந்தார். உறையைத் திறந்ததும் பூஞ்சை நாற்றம் வந்தது. முந்தைய ஆண்டு இமயமலைப் பயணத்திற்காக வாங்கிய கருவி அது. அங்கே ஓர் இரவு புட்டியிலிருந்த நீர் உறைந்துபோனதாகவும், ஊர் திரும்பியபின் கருவியை ஈரத்தோடு அலமாரியில் வைத்துவிட்டதாகவும் அவர் கூறினார். உறைபனியும் ஈரமும் வடிகட்டியைக் கெடுக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கருவி பார்வைக்குப் புத்தம் புதியதாகவே இருந்தது.

நோய் அந்த வடிகட்டியால்தான் வந்தது என்று எங்களால் உறுதியாகக் கூற இயலாது. வழியில் உண்ட உணவும் காரணமாக இருந்திருக்கலாம். தந்தை உள்நோயாளராகச் சேர்ந்து சிகிச்சை பெற்று நலமடைந்தார். ஆயினும் அந்த நிகழ்வுக்குப் பின், மலைப்பயணம் செல்ல விரும்பும் நோயாளிகளிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் வடிகட்டியைப் பற்றித் தனியே பேசுவதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். அவ்வாறு நாங்கள் கூறுபவற்றின் தொகுப்பே இக்கட்டுரை. இதன் சாரம் இரண்டு செய்திகள். முதலாவது, சாதாரண வடிகட்டி எல்லாக் கிருமிகளையும் நிறுத்துவதில்லை. இரண்டாவது, பழுதுபட்ட வடிகட்டி தன் பழுதை வெளியே காட்டுவதில்லை.

தெளிந்த நீர் என்பது தூய நீர் அன்று

மலைச்சுனை நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்; குளிர்ந்திருக்கும்; சுவையாகவும் இருக்கும். இவற்றுள் எதுவும் அந்நீரில் கிருமிகள் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நோய் உண்டாக்கும் நுண்ணுயிர்களைக் கண்ணாலோ நாவாலோ அறிய முடியாது.

நீர்வழி பரவும் கிருமிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது பயனுள்ளது. வடிகட்டியின் ஆற்றல் அவற்றின் அளவைப் பொறுத்தே அமைகிறது. முதல் வகை, ஓரணு ஒட்டுண்ணிகள். ஜியார்டியாவின் உறையணு ஏறத்தாழ 8 முதல் 12 மைக்ரான் அளவுள்ளது. கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ளது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டாம் வகை, பாக்டீரியாக்கள். டைஃபாய்டு, காலரா, சீதபேதி ஆகியவற்றின் கிருமிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை பெரும்பாலும் அரை மைக்ரான் முதல் சில மைக்ரான் வரை இருக்கும். மூன்றாம் வகை, வைரஸ்கள். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ ஆகிய வைரஸ்கள் ஏறத்தாழ 0.03 மைக்ரான் அளவே உள்ளவை. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸும் 0.1 மைக்ரானைத் தாண்டாது.

மலையேறுவோர் எடுத்துச் செல்லும் வடிகட்டிகளில் பெரும்பாலானவற்றின் துளையளவு 0.1 அல்லது 0.2 மைக்ரான். இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்த்தாலே செய்தி விளங்கும். ஒட்டுண்ணிகளும் பாக்டீரியாக்களும் துளைக்கு இப்பால் தங்கிவிடும். வைரஸ்கள் நீரோடு சேர்ந்து கடந்துவிடும்.

வடிகட்டியைக் கடந்ததால் அறியப்பட்ட கிருமி

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வைரஸ் என்ற ஒன்று உண்டு என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொண்டதே ஒரு நீர் வடிகட்டியின் வாயிலாகத்தான். 1884-ஆம் ஆண்டில் பாரிஸில் லூயி பாஸ்டரின் ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் சாம்பர்லாந்து, மெருகிடாத பீங்கானால் ஆன ஒரு வடிகட்டியை உருவாக்கினார். பாக்டீரியாக்கள் அதைக் கடக்க முடியவில்லை. 1892-இல் ரஷ்ய அறிவியலாளர் திமித்ரி இவானோவ்ஸ்கி, தேமல் நோய் கண்ட புகையிலை இலைகளின் சாற்றை அத்தகைய வடிகட்டியில் ஊற்றி, வடிந்த சாற்றை நல்ல செடிகளில் செலுத்திப் பார்த்தார். அச்செடிகளும் நோயுற்றன. பாக்டீரியாவை நிறுத்தும் துளைகளைக் கடந்து செல்லும் நோய்க்காரணி ஒன்று உண்டு என்பது அவ்வாறு வெளிப்பட்டது. இன்று நாம் கையில் எடுத்துச் செல்லும் வடிகட்டியின் எல்லையும் ஏறத்தாழ அதுவே.

நம் நாட்டில் இந்த எல்லையை மறந்துவிடலாகாது. மலையேற்றக் கருவிகளைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே மனித நடமாட்டம் அரிதான காடுகளில், விலங்குகளின் கழிவிலிருந்து வரும் ஒட்டுண்ணிகளும் பாக்டீரியாக்களுமே முதன்மையான அச்சம். அதற்கு 0.1 மைக்ரான் வடிகட்டி பெரும்பாலும் போதும். நீரால் மனிதருக்குப் பரவும் வைரஸ்களோ பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்தே வருகின்றன. வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரையிலும், சதுரகிரியில் ஆடி அமாவாசையை ஒட்டியும் மலைப்பாதை நிறைய மக்கள் ஏறுகின்றனர். போதிய கழிப்பறைகள் இல்லாத பாதையில் இத்தனை பேர் நடக்கும்போது, கீழே உள்ள ஊற்றும் ஓடையும் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சுனைகளில் நீராடும் வழக்கமும் உண்டு. ஆகையால் நம் மலைகளில், மேலே மக்கள் இருக்கும் இடத்தின் நீருக்கு வடிகட்டல் முதற்படி மட்டுமே. வைரஸை அழிக்க இரண்டாம் படி ஒன்று தேவை.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது

*நுண்ணிழை வடிகட்டி.* நடுவே துளையுள்ள மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். இழையின் சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே நீர் உள்ளே புகுந்து வெளியேறும். எடை குறைவு, நீர் விரைவாக வரும், புட்டியின் வாயில் திருகிப் பிழிந்து குடிக்கலாம். இக்காலத்தில் மலையேறுவோரிடம் மிகுதியாகக் காணப்படும் வகை இதுவே. உறைபனியும் கீழே விழுவதும் இதன் பகைகள்.

*செராமிக் வடிகட்டி.* சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீரைச் செலுத்தும் வகை. அடைப்பு ஏற்பட்டால் மேற்பரப்பைத் தேய்த்துக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். நீண்ட நாள் உழைக்கும். எடை மிகுதி; கைத்தவறி விழுந்தால் விரிசல் விடும்.

*வைரஸையும் நீக்கும் கருவிகள்.* 0.02 மைக்ரான் துளையளவுள்ள வடிகட்டிகளும் கிடைக்கின்றன. விலை மிகுதி, நீர் வரும் வேகம் பொதுவாகக் குறைவு. ஆயினும் கூட்டம் மிகுந்த மலைகளுக்கு ஏற்றவை.

*புற ஊதாக் கதிர்க் கருவி.* பேனா போன்ற கருவியை நீரில் விட்டுக் கலக்கினால் கதிர்கள் மூன்று வகைக் கிருமிகளையும் செயலிழக்கச் செய்யும். ஆனால் நீர் தெளிவாக இருத்தல் வேண்டும். கலங்கிய நீரில் கிருமிகள் துகள்களின் நிழலில் தப்பிவிடும். மின்கலம் தீர்ந்தால் கருவி பயனற்றது.

*குளோரின் மாத்திரை.* விலை குறைவு, எடை இல்லை. பாக்டீரியாக்களையும் வைரஸ்களையும் நன்கு அழிக்கும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு எளிதில் அடங்காது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் கலந்த குழாய்நீரின் வழியே இந்த ஒட்டுண்ணி பரவி, ஏறத்தாழ 4 இலட்சம் பேர் நோயுற்றனர் என மதிப்பிடப்பட்டது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தோரே மிகவும் துன்புற்றனர்.

வடிகட்டி விட்டுவிடும் வைரஸைக் குளோரின் அழிக்கிறது. குளோரினுக்கு அடங்காத ஒட்டுண்ணியை வடிகட்டி நிறுத்துகிறது. எனவே 0.1 மைக்ரான் நுண்ணிழை வடிகட்டியோடு ஓர் அட்டை குளோரின் மாத்திரையும் எடுத்துச் செல்வதே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்ற, செலவு குறைந்த வழி என்பது எங்கள் கருத்து. அயோடின் மாத்திரைகளைக் கருவுற்ற பெண்களும் தைராய்டு நோயாளிகளும் தவிர்த்தல் வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அட்டைப்பெட்டியில் துளையளவுக்கு அருகே "முழுமையான அளவு" என்ற பொருளில் "அப்சல்யூட்" என்னும் சொல் உள்ளதா என்று பாருங்கள். அது, அந்த அளவுக்கு மேற்பட்ட எதுவும் கடக்காது என்பதைக் குறிக்கும். "நாமினல்" என்று இருந்தால் அது தோராயமான அளவே. சில துளைகள் அதைவிடப் பெரியனவாக இருக்கலாம்.

"வடிகட்டி", "சுத்திகரிப்பான்" என்ற இரு சொற்களையும் கடைக்காரர்கள் ஒன்றுபோலவே பயன்படுத்துகின்றனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1987-இல் வகுத்த சோதனை நெறியின்படி, சுத்திகரிப்பான் எனப்படுவது பாக்டீரியாக்களில் 99.9999 விழுக்காட்டையும், வைரஸ்களில் 99.99 விழுக்காட்டையும், ஒட்டுண்ணி உறையணுக்களில் 99.9 விழுக்காட்டையும் நீக்க வேண்டும். என்.எஸ்.எஃப். பி231 என்னும் சான்று அந்நெறியைத் தழுவியது. பெட்டியில் "99.9999 விழுக்காடு" என்று பெரிய எழுத்தில் இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அது எந்தக் கிருமிக்கு உரிய எண் என்பதைச் சிறிய எழுத்தில் தேடிப் படியுங்கள். வைரஸ் என்ற சொல்லே இல்லையெனில், அக்கருவி வைரஸை நீக்காது என்றே கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள ஆர்.ஓ. கருவியோடு இதனை ஒப்பிடுவோரும் உண்டு. அது பிழை. கையடக்க வடிகட்டி நீரில் கரைந்துள்ள உப்பு, ஃபுளூரைடு, நைட்ரேட் போன்றவற்றை நீக்காது. கரி அடுக்கு கொண்டவை நாற்றத்தையும் சில வேதிப்பொருள்களையும் குறைக்கும். முற்றிலும் நீக்கும் என்று நம்பலாகாது. தேயிலைத் தோட்டங்கள், காய்கறி வயல்கள் ஆகியவற்றினூடே வழிந்து வரும் ஓடைகளில் பூச்சிக்கொல்லி கலந்திருக்கலாம். அத்தகைய நீரை எந்த வடிகட்டியைக் கொண்டும் குடிக்க வேண்டாம்.

மலையில் பயன்படுத்தும் முறை

1. நீரைத் தேர்ந்தெடுங்கள். தேங்கிய நீரைவிட ஓடும் நீர் நன்று. மக்கள் குளிக்கும், துவைக்கும் இடத்திற்கு மேற்புறத்திலிருந்து எடுங்கள்.

2. நீர் கலங்கியிருந்தால் ஒரு பாத்திரத்தில் தெளியவிட்டு, மேல்நீரை நான்காக மடித்த தூய பருத்தித் துணியில் வடித்து, அதன்பின் வடிகட்டியில் ஊற்றுங்கள். வடிகட்டி விரைவில் அடைபடாமல் இது காக்கும்.

3. முதலில் வடிகட்டல், பின்னர் குளோரின். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கலங்கல் நீரில் இடும் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும். அட்டையைப் படித்து அளந்து இடுங்கள். இட்டபின் 30 நிமிடங்கள் காத்திருங்கள். நீர் மிகக் குளிர்ந்திருந்தால் ஒரு மணி நேரம் காத்திருப்பது நன்று.

4. அழுக்கு நீர்ப் புட்டியையும் குடிநீர்ப் புட்டியையும் தனித்தனியே வைத்து, அடையாளம் இடுங்கள். எங்கள் நோயாளிகளுள் ஒருவர் அழுக்கு நீர்ப் புட்டியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிவிடுவார். எளிய, சிறந்த வழி. ஓடை நீரின் ஒரு துளி குடிநீர்ப் புட்டியின் திருகுவாயில் பட்டாலும் வடிகட்டிய உழைப்பு வீணாகும்.

5. நீரைத் தொடுமுன் சோப்பினால் கை கழுவுங்கள். கைகளில் தடவும் சானிடைசர் கிரிப்டோஸ்போரிடியத்தை அழிப்பதில்லை; நோரோ வைரஸிடமும் அதன் ஆற்றல் குறைவு.

நீரைக் கொதிக்கவைப்பது மூன்று வகைக் கிருமிகளையும் அழிக்கும் மிக நம்பகமான முறை. குமிழிகள் பொங்கிவரும் கொதிநிலையை அடைந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடங்கள் தேவை. உதகமண்டலமும் கொடைக்கானலும் அவ்வுயரத்தைத் தாண்டியவை. ஆனால் காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றமும் பேராபத்தும் ஆகும். 2018 மார்ச் மாதத்துக் குரங்கணிக் காட்டுத்தீயை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். எனவே அடிவாரத்திலோ தங்குமிடத்திலோ நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி எடுத்துச் செல்லுங்கள்.

பராமரிப்பு: பயணத்தின்போதும் பின்னரும்

*எதிர்த்திசைக் கழுவல்.* வடிகட்டிய அழுக்கு இழைகளின் வெளிப்புறத்தில் படிந்துகொண்டே வரும். கருவியுடன் தரப்படும் சிரிஞ்சினாலோ புட்டியினாலோ எதிர்த்திசையில் நீரைச் செலுத்தினால் அது வெளியேறும். ஒவ்வொரு நாள் இறுதியிலும், நீர் வரும் வேகம் குறையும்போதும் இதனைச் செய்யுங்கள். இதற்குத் தூய நீரையே பயன்படுத்துதல் வேண்டும். ஓடை நீரைச் சிரிஞ்சில் எடுத்து எதிர்த்திசையில் செலுத்துவோரைக் கண்டிருக்கிறோம். அவ்வாறு செய்தால் தூய நீர் வெளிவரும் பக்கத்திலேயே கிருமிகளைப் புகுத்திவிடுகிறோம். அதன்பின் அக்கருவி தரும் ஒவ்வொரு மடக்கும் ஐயத்திற்குரியதே.

*உறைபனி.* இதுவரை பயன்படுத்தாத, உலர்ந்த வடிகட்டிக்குக் குளிரால் பொதுவாகத் தீங்கில்லை. ஒருமுறை நனைந்தபின் அதனுள் ஈரம் எப்போதும் இருக்கும். அந்த ஈரம் உறைந்து பனிக்கட்டியாகும்போது விரிந்து, நுண்ணிழைகளை உடைத்துவிடும். உடைப்பு கண்ணுக்குத் தெரியாது. கேதார்நாத், அமர்நாத் போன்ற குளிர்மிகுந்த இடங்களுக்குச் செல்வோர் பகலில் வடிகட்டியைச் சட்டையின் உட்பையிலும், இரவில் நெகிழி உறையிலிட்டுப் படுக்கைக்குள்ளும் வைத்துக்கொள்ளுங்கள்.

*திரும்பிய பின்.* தூய நீரால் எதிர்த்திசையில் பலமுறை கழுவுங்கள். பின்னர், கருவியின் கையேட்டில் கூறப்பட்ட அளவில் குளோரின் கரைசலைச் செலுத்திக் கிருமி நீக்குங்கள். நீரை நன்கு உதறி, மூடிகளைத் திறந்து, காற்றோட்டமுள்ள நிழலில் பல நாள்கள் உலரவிடுங்கள். வெளிப்புறம் ஒரு நாளில் உலர்ந்துவிடும். உள்ளிழைகள் உலர அதைவிட நெடுநேரம் ஆகும். கொதிநீர், சோப்பு ஆகியவற்றை உள்ளே செலுத்த வேண்டாம். உலர்ந்து கிடந்த இழைகளில் முதலில் நீர் எளிதில் புகாது. எனவே அடுத்த பயணத்திற்கு முதல் நாளே தூய நீரில் ஊறவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களின் உப்புநீரால் இழைகளில் படிமம் படிந்து வேகம் குறைந்திருந்தால், கையேடு அனுமதிக்கும் வகைகளில் வெள்ளை வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம்.

*செராமிக் வகை.* மென்மையான தேய்ப்பானால் மேற்பரப்பைத் தேய்த்து, தூய நீரில் கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் மேலடுக்கு சிறிது தேய்கிறது. கருவியோடு வரும் அளவுகோலில் அதன் தடிமனைச் சரிபார்த்து, குறித்த அளவுக்குக் கீழே சென்றதும் மாற்றிவிடுங்கள். முடி போன்ற விரிசல் ஒன்று தென்பட்டாலும் அதனைக் கைவிடுங்கள்.

எப்போது கைவிட வேண்டும்

நீர் மெதுவாக வரும் வடிகட்டியைக் கண்டு பலர் சலிப்படைகின்றனர். மெதுவாக வருவது அடைப்பின் அடையாளம். அழுக்கை அது நிறுத்திக்கொண்டிருக்கிறது என்றே பொருள். கழுவினால் சரியாகும். ஆனால் நெடுநாள் மெதுவாக இருந்த கருவி, கழுவாமலேயே திடீரென விரைவாக நீரைத் தந்தால் ஐயுறுங்கள். உள்ளே இழை உடைந்து, நீர் வடிபடாமல் குறுக்குவழியில் வருவதாக இருக்கலாம்.

சில நுண்ணிழைக் கருவிகளில் வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. நன்கு நனைந்த இழைச்சுவர் நீரை விடும், காற்றை விடாது. கையேடு அனுமதித்தால், முழுதும் நனைந்த கருவியின் தூய பக்கத்தில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று செல்லாதிருந்தால் நன்று. காற்று எளிதாகக் கடந்தால் இழை உடைந்திருக்கிறது.

ஈரத்தோடு உறைந்துபோனது, கடினமான பாறையில் விழுந்தது, பூஞ்சை நாற்றம் வீசுவது, குறித்த லிட்டர் அளவைத் தாண்டியது, பிறரிடமிருந்து வாங்கியதால் வரலாறு தெரியாதது: இவற்றுள் ஒன்று பொருந்தினாலும் புதியது வாங்குங்கள். வடிகட்டியின் விலை மருத்துவமனையில் ஒரு நாள் தங்கும் செலவைவிடக் குறைவே.

யாருக்கு வடிகட்டி மட்டும் போதாது

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், நெடுநாள் ஸ்டீராய்டு அல்லது எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போர், எச்.ஐ.வி. தொற்றினால் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோருக்குக் கிரிப்டோஸ்போரிடியம் வாரக்கணக்கில் நீங்காத வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் பெருங்கேடு விளைவிக்கும். கருவுற்ற பெண்களுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே ஆபத்தாகலாம். கைக்குழந்தைகளும் முதியோரும் நீரிழப்பைத் தாங்க மாட்டார்கள்.

இவர்கள் அனைவரும் கொதிக்கவைத்து ஆற்றிய நீரையே எடுத்துச் சென்று அருந்துதல் வேண்டும். வடிகட்டியும் மாத்திரையும் அந்நீர் தீர்ந்தால் உதவும் காப்பாக மட்டும் இருக்கட்டும். பயணத்திற்கு ஒரு மாதம் முன்னரே மருத்துவரைச் சந்தித்து, பயணம் ஏற்றதா, டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகள் தேவையா என்று கேளுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பு மருந்துகள் பொதுவாகப் பொருந்தா. எனவே தாமாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். டயாலிசிஸ் பெறுவோர் அருந்தத்தக்க நீரின் அளவையும் கேட்டறிந்து செல்லுங்கள்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட தந்தையை நாங்கள் உடனே சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வயிற்றுப்போக்கின்போது, மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் டாக்ரோலிமஸ் மருந்து குடலில் வழக்கத்தைவிட மிகுதியாக உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் அதன் அளவு உயரக்கூடும். ஒருபுறம் நீரிழப்பு, மறுபுறம் மருந்தின் மிகை என இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும். அவருக்கும் அவ்வாறே நேர்ந்தது. அளவைச் சரிசெய்தபின் கிரியாட்டினின் பழைய நிலைக்குத் திரும்பியது. அவர் எட்டு நாள்கள் காத்திருக்காமல் முதல் நாளே வந்திருக்கலாம் என்பதே எங்கள் வருத்தம். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் குறைப்பதும் அதனினும் ஆபத்து. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் வயிற்றுப்போக்கு தொடங்கிய அன்றே எங்களை அழையுங்கள்.

நோயுற்றால் செய்ய வேண்டியவை

பாதுகாப்பான ஒரு லிட்டர் நீரில் ஒரு லிட்டருக்குரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் கரைத்து, சிறிது சிறிதாக அருந்துங்கள். மலைப்பையில் இரண்டு பொட்டலங்களேனும் இருக்கட்டும். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைதல், மயக்கம், தொடர்வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.

நோய் உடனே தோன்ற வேண்டும் என்பதில்லை. பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாள்களிலும், ஜியார்டியா ஒன்று முதல் மூன்று வாரங்களிலும், டைஃபாய்டு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களிலும் வெளிப்படும். ஹெபடைடிஸ் ஏ இரண்டு முதல் ஏழு வாரங்களும், ஹெபடைடிஸ் ஈ இரண்டு முதல் பத்து வாரங்களும் எடுத்துக்கொள்ளலாம். எனவே பயணம் முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கண் மஞ்சளானாலும், "மலைக்குச் சென்றோம், சுனைநீர் குடித்தோம்" என்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

மலைக்குச் செல்ல வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. நெடுநாள் நோயோடு போராடி எழுந்தவர்களுக்கு ஒரு மலைப்பயணம் எத்தகைய மனநிறைவைத் தருகிறது என்பதை அறிவோம். அந்தத் தந்தையும் மகனும் இவ்வாண்டு மீண்டும் செல்ல எண்ணி, இம்முறை முன்கூட்டியே எங்களிடம் வந்தனர். மகனிடம் புதிய வடிகட்டி இருந்தது. தந்தைக்கு வேண்டிய கொதித்தாறிய நீரைத் தாமே சுமந்து செல்வதாகவும் அவர் கூறினார். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய வடிகட்டி ஒன்று இருந்தால், அதனை இன்றே எடுத்துத் திறந்து பாருங்கள். ஐயம் இருப்பின், அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.